மாமன் சீரில் ஒரு சர்க்கரை மிஷின்

கள்ளிக்குப்பம்
9 ஜூன் 2025

அக்கா,

நீங்கள் ஆட்டோவில் திருப்பி அனுப்பிய சீர் வந்து சேர்ந்தது. பட்டுப் பாவாடை, வளையல், மஞ்சள், குங்குமம், வாடிய பூ, பாதி அழுகிய பழம். தட்டெல்லாம் சரியாக இருக்கிறது. சர்க்கரை பார்க்கும் மிஷின் வைத்த தட்டு மட்டும் காலியாக வந்தது. குப்பையில் போட்டிருந்தால் சொல்லிவிடு, வேறு வாங்கி அனுப்புகிறேன்.

என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். பக்கத்து ஊர் ஆவடிக்கு ஸ்பீட் போஸ்ட்டா என்று தபாலாபீசில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மண்டபத்தில் நான் சொன்னதில் எது பொய்? அதை மட்டும் சொல். ஸ்வாதி பெரியவளானதற்கு மாமன் சீர் வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். லட்டு வைக்க வேண்டிய தட்டில் மிஷினை வைத்தேன். சின்னப்பையன் பெரியப்பா மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே, "இன்னாடா இது, மாமன் சீர்ல பிரஷர் மிசினு வச்சிகீறே?" என்று கேட்டார். பிரஷர் இல்லை, சுகர் என்றேன். யாருக்கு என்றார். ஸ்வாதிக்கு என்றேன். மைக் ஆனில் இருந்தது என் தப்பா?

அதற்கு முந்தைய இரண்டு வாரம் ஆளாளுக்கு ஆக்கிக் கொண்டுவந்து போட்டீர்கள். உளுந்தங்களி, புட்டு, நல்லெண்ணெய், பச்சை முட்டை. ஏற்கெனவே அந்தப் பெண்ணின் எடை அவள் வயதுக்குரியதைப் போல ஒன்றரை மடங்கு. கழுத்தைச் சுற்றிக் கருப்பு. அது அழுக்கு இல்லை அக்கா. உடம்பில் இன்சுலின் வேலை செய்யத் திணறும்போது தோலில் வரும் அடையாளம். அதைத்தான் கழுத்தைக் காட்டிச் சொன்னேன், இது ஜீனிலேயே இருக்கிறது, அழிக்க முடியாது என்றும் சொன்னேன்.

உடனே பூங்காவனம் அத்தை கத்தினார்களே, "எங்க ஊட்ல யாருக்கும் இந்தக் கருமம் கெடையாது, அவ அப்பன் ஊட்டு வியாதி" என்று. 'அவ' என்றது உன்னை. உன் அப்பன் யார்? அத்தையின் கூடப்பிறந்த அண்ணன். காலை எடுத்து, கிட்னி போய், நம் கண்முன் செத்துப்போன நம் அப்பா. நீ கட்டியிருப்பது அத்தை மகனை. ஒரே குடும்பத்தை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு, உன் பக்கமா என் பக்கமா என்று சண்டை போடுகிறீர்கள். ஸ்வாதிக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது நம் தாத்தா வீட்டுச் சரக்குதான்.

சர்க்கரைக்கு என்று ஒரே ஒரு மரபணு கிடையாது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளும். எங்கள் லேபில் அதை எண்ணிப் பார்க்க முடியும். இதோடு ஒரு பஞ்சுக்குச்சி வைத்திருக்கிறேன். ஸ்வாதி கன்னத்தின் உள்பக்கம் நன்றாகத் தேய்த்து, கூடவே இருக்கும் குழாயில் போட்டு அனுப்பு. வலிக்காது. லேபில் வேலை செய்கிறவன் வீட்டுக்கு இலவசம்.

கார்த்திகேசன்


ஆவடி குவார்ட்டர்ஸ்
16 ஜூன்

அன்புள்ள தம்பி கார்த்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நம்பரை பிளாக் செய்தது நான் இல்லை, உன் மாமா. மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்வாதி தலையில் என் கையை வைத்து, "உன் தம்பிகூட இனிமே பேசமாட்டேன்னு சொல்லு" என்றார். சொன்னேன். பிள்ளை தலைமேல் செய்த சத்தியத்தை நான் மீறமாட்டேன். ஆனால் எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. இந்தக் குறுக்குப் புத்தி உன்னிடமிருந்து வந்ததா, என்னிடமிருந்து உனக்கு வந்ததா தெரியவில்லை.

எது பொய் என்று கேட்டிருக்கிறாய். எதுவும் பொய் இல்லை. உண்மையைச் சொல்ல ஒரு இடம் இல்லையா தம்பி? அவள் அலங்காரம் செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் நீ விரலை வைத்தாய். திருமுல்லைவாயில் மண்டபத்தில் இருந்த ஜனம் மொத்தமும் எட்டிப் பார்த்தது. எனக்கு உன் விரல்தான் ஞாபகம் இருக்கிறது, நீ சொன்ன விளக்கம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

அந்தக் கழுத்தை நான் பீர்க்கங்காய் நாரால் எத்தனை நாள் தேய்த்திருக்கிறேன் தெரியுமா? கடலை மாவு, தயிர், எலுமிச்சைத் தோல். ஒருமுறை ரத்தமே வந்துவிட்டது. சுத்தமாகக் குளிப்பதில்லை என்று திட்டிக்கொண்டே தேய்த்தேன். உன் கடிதத்தைப் படித்த அன்று நாரைத் தூக்கிப் போட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அவள் போகமாட்டேன் என்கிறாள். மண்டபத்துக்கு வந்த குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்தானே வகுப்பில் இருக்கிறார்கள். "சுகர் பாப்பா" என்று பெயர் வைத்தாகிவிட்டது.

பஞ்சுக்குச்சியைத் திருப்பி அனுப்புகிறேன். கோபப்படாதே. இன்னும் சில வருஷத்தில் அவளைக் கேட்டு யாராவது வருவார்கள். அப்போது அத்தை மாதிரி ஒரு பெண்பிள்ளை, "அந்தப் பொண்ணுக்கு ரத்தத்திலேயே கீதாமே, அவங்க மாமனே டெஸ்டு எடுத்தானாமே" என்பாள். ஒருமுறை பேப்பரில் வந்துவிட்டால் அது அவளோடு வாழ்நாள் முழுக்க வரும். உனக்கு அது ஒரு கணக்கு.

மிஷின் எங்கே என்று எனக்குத் தெரியாது. தட்டைக் கட்டியது அத்தை.

எங்கள் எல்லோருக்கும் சொல்கிறாயே, உன் சர்க்கரை எவ்வளவு? பார்த்திருக்கிறாயா?

உன் அக்கா
சுரேகா


கள்ளிக்குப்பம்
20 ஜூன்

அக்கா,

குச்சி வந்தது. கோபம்தான்.

அதை லேபில் மேஜைமேல் வைத்திருந்தேன். எங்கள் சீனியர் தீபிகா மேடம் பார்த்துவிட்டு யாருடையது என்று கேட்டார். சொன்னேன். ஐந்து நிமிடம் விடாமல் திட்டினார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அவளைக் கேட்டாயா? இல்லை. அம்மா அப்பா சம்மதம்? இல்லை. அந்த மரபணு மாற்றங்களை எண்ணி நாம் போடும் மதிப்பெண் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் ரத்தத்தை வைத்துச் செய்த கணக்கு, ஆவடிப் பெண்ணுக்கு அது எவ்வளவு சரிவரும்? தெரியாது. கடைசியாக ஒன்று கேட்டார். "மதிப்பெண் அதிகம்னு வந்தா என்ன செய்யச் சொல்வே?" நடக்கச் சொல்வேன், சாப்பாட்டை மாற்றுவேன், ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பேன் என்றேன். "குறைவுன்னு வந்தா?" அப்போதும் அதையேதான் செய்யச் சொல்ல வேண்டும். அப்பாவின் கால் போனது, அந்தக் கழுத்து, அந்த எடை இதெல்லாம் மாறப்போவதில்லையே. "அப்புறம் எதுக்குய்யா குச்சி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சரி, குச்சி வேண்டாம். அதில் நீ சொன்னது சரி. உன் காரணம் தப்பு, முடிவு சரி.

ஆனால் ரத்தப் பரிசோதனை வேண்டும். வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று மாதச் சராசரி ஒன்று. அதைக் குழந்தைகள் டாக்டர்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த வகைச் சர்க்கரை வந்தால் பெரியவர்களுக்கு மாதிரி மெதுவாகப் போகாது. சீக்கிரம் கண்ணையும் கிட்னியையும் தொடும். பயமுறுத்தவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

டாக்டர் கேட்பார், அதனால் இப்போதே கேட்கிறேன். ஸ்வாதி பிறந்தபோது எடை எவ்வளவு? அவள் வயிற்றில் இருந்தபோது உனக்குச் சர்க்கரை இருந்ததா? அது மரபணு அளவுக்கு முக்கியம்.

என் சர்க்கரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது இப்போது விஷயமில்லை.

கார்த்திகேசன்


ஆவடி
24 ஜூன், காலை

தம்பி,

இதை ரேவதியிடம் கொடுத்தனுப்புகிறேன். பக்கத்து வீடு, தொழிற்பேட்டை எஸ்டேட்டில் உங்கள் லேபுக்கு எதிரே இருக்கும் கம்பெனியில்தான் வேலை. உன் கையில்தான் கொடுப்பாள். தபாலுக்குக் காத்திருக்க முடியாது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். இருந்தது. ஏழாம் மாதம் பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டேன். நீ அப்போது சின்னப் பையன். "அத்த காதுல உய்ந்தா, நோயாளிப் பொண்ண தலையில கட்டிட்டாங்கன்னு ஆடித் தீத்துடும், மூச்சு விடாதே" என்று அம்மா சொன்னார்கள். தினமும் ஊசி போட அம்மா வீட்டுக்குப் போவேன். எனக்குப் புளிக்குழம்பு ஆசை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தோம். ஸ்வாதி நாலரைக் கிலோ. "ராஜாத்தி மாதிரி பொறந்துகீது" என்று அத்தை தெருவெல்லாம் சொன்னார்கள். அந்த எடைக்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டு என்று நீ கேட்ட பிறகுதான் புரிகிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் மாமாவுக்கும் தெரியாது.

இப்போது நேற்று நடந்தது. எலுமிச்சைச் சாதம் கிளறினேன். ஸ்வாதியிடம் பழத்தைப் பிழியச் சொன்னேன். பிழிந்தவள் சட்டென்று கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். விரலைப் பிடித்துப் பார்த்தேன். நுனியெல்லாம் புள்ளி புள்ளியாய்க் குத்தின தடம் தம்பி. பத்து விரலிலும்.

மிஷின் அவளிடம்தான் இருக்கிறது. அத்தை தட்டைக் கட்டும் முன்பே எடுத்து, பழைய பள்ளிக்கூடப் பையில் வைத்திருக்கிறாள். பெட்டியில் இருந்த காகிதத்தைப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். ஊசியைக்கூட மாற்றவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. நான் அழுதேன். அவள் அழவில்லை.

"முந்நூத்தி நாப்பது காட்டுச்சும்மா. இன்னொரு நாளு முந்நூத்திப் பத்து. எனக்கு வந்துடுச்சு."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா? மாமா தான் சொன்னாரே, ஜீன்லயே கீதுன்னு. அத அழிக்க முடியாதாமே. தாத்தாவுக்கு மாதிரி கால எடுப்பாங்க, அவ்ளோதானே."

இதைச் சோறு வேண்டாம் என்று சொல்வது மாதிரி சொன்னாள். கொஞ்ச நாளாக அலமாரியில் வைக்கிற எதுவும் நிற்கவில்லை. மாம்பழம், மிக்சர், அத்தை செய்த அதிரசம். எப்படியும் வந்துவிட்டது, இனிமேல் என்ன என்று சாப்பிட்டிருக்கிறாள். என் பிள்ளை தன் கணக்கை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் தம்பி. நீ மைக்கில் சொன்னதில் அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

உன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மிஷினை உடைப்பார். முந்நூற்று நாற்பது என்றால் என்ன? இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? எழுது.

சுரேகா


ஆவடி, குவார்ட்டர்ஸ் கேட்
24 ஜூன், மதியம்

அக்கா,

உன் கடிதம் கிடைத்ததும் லீவு சொல்லிவிட்டு வந்தேன். கேட்டில் காவலர் மாமாவுக்குப் போன் போட்டார். "அப்டி யாரும் எங்களுக்கு இல்ல" என்று பதில் வந்ததாம். காவலரும் பாவம், சங்கடப்பட்டு ஒரு நாற்காலி போட்டார். ரேவதி அரை நாளில் திரும்புவார் என்று சொன்னதால் இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் உள்ளே வரும்போது கொடுப்பார்.

முதலில் நான் கேட்பதைப் பார். இரவில் அடிக்கடி ஒன்றுக்குப் போகிறாளா? தண்ணீர் தாகம் எடுத்துக்கொண்டே இருக்கிறதா? எடை திடீரென்று குறைந்திருக்கிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. மாமாவுக்குக் காத்திருக்காதே.

இல்லை என்றால், அடுத்த கேள்வி. குத்துவதற்கு முன்னால் கை கழுவினாளா?

மாம்பழம் சாப்பிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். தோலை உரித்த கையோடு விரலைக் குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் பழச் சர்க்கரையையும் மிஷின் சேர்த்துப் படிக்கும். நல்ல உடம்புக்காரன் கையிலும் முந்நூறு காட்டும். லேபில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. பெட்டிக் காகிதத்திலும் இருக்கும், பொடி எழுத்தில். மிஷினைத் தட்டில் வைத்த எனக்கு அதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. கழுத்தைக் காட்டத் தோன்றியது.

இப்போது சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, புது ஊசியால் குத்தச் சொல். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டு. இருநூறுக்குமேல் வந்தால் உடனே டாக்டரிடம் போ. கீழே வந்தாலும் இந்த வாரமே போ. மிஷினை நம்பி வீட்டிலேயே உட்காராதே, லேப் ரத்தம்தான் கணக்கு. நீ ஊசி போட்டுக்கொண்டதையும் டாக்டரிடம் சொல். மாமா பக்கத்தில் இருந்தாலும் சொல்.

இதற்குக் கீழே எழுதுவது ஸ்வாதிக்கு. அவளிடம் கொடு.

ஸ்வாதி, தாத்தாவுக்கு இருந்த மரபணு எனக்கும் இருக்கிறது. லேபில் என் எச்சிலையே போட்டுப் பார்த்தேன். அதில் நிறைய இருக்கிறது, எனக்கும் பயம்தான். அழிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அது 'வரலாம்' என்றுதான் சொல்கிறது. 'வந்துவிட்டது' என்று சொல்ல அதற்குத் தெரியாது. தாத்தாவுக்குக் கால் போனது மரபணுவால் மட்டும் இல்லை. செருப்புக் கடித்த புண்ணை யாரிடமும் காட்டாமல் மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தார். நீயும் இப்போது மறைத்துத்தான் வைத்திருந்தாய். அது மட்டும் வேண்டாம். காகிதத்தைப் படித்துத் தனியாகவே மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்டாயே, என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது. மண்டபத்தில் உன்னைக் கேட்காமல் உன் உடம்பைப் பற்றிப் பேசினேன். இனிமேல் உன்னைக் கேட்காமல் பேசமாட்டேன்.

ரேவதி வந்துவிட்டார். நான் ரயில் ஸ்டேஷனில் இருக்கிறேன். போக அவசரமில்லை.

கார்த்தி


ஆவடி
5 ஜூலை

அன்புள்ள தம்பி கார்த்திக்கு,

நீ ஸ்டேஷனில் கடைசி வண்டிவரை உட்கார்ந்திருந்ததாக ரேவதி வீட்டுக்காரர் சொன்னார். அவரிடம் சொல்லி அனுப்பினேனே, நூற்று முப்பத்தொன்று என்று, அதற்குப் பிறகும் ஏன் உட்கார்ந்திருந்தாய்?

கை கழுவியிருக்கவில்லை தம்பி. மாம்பழக் கை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவளே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மிஷினில் நம்பர் வந்ததும் முதலில் நம்பவில்லை. இன்னொரு விரலைக் குத்திப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். இத்தனை நாள் அழாததற்கும் சேர்த்து.

ஆனால் நிம்மதியாக இரு என்று எழுத முடியவில்லை. மிஷின் விஷயத்தை உன் மாமாவிடம் சொன்னேன், உடைக்கவில்லை, மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். வெறும் வயிற்றில் நூற்று ஒன்பது, மூன்று மாதக் கணக்கு ஆறு புள்ளி ஒன்று. டாக்டரம்மா, "இது சர்க்கரை நோய் இல்லம்மா. அதுக்கு முந்தின இடம். இங்கேர்ந்து திரும்பி வந்த பிள்ளைகளும் உண்டு, வராத பிள்ளைகளும் உண்டு" என்றார். அவள் எதில் சேர்வாள் என்று கேட்டேன். தெரியாது என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். அந்த மூன்று மாதத்தை எப்படிக் கழிப்பேன் என்று தெரியவில்லை. அலமாரியைக் காலி செய்திருக்கிறேன். சாயங்காலம் அவளும் நானும் குவார்ட்டர்ஸைச் சுற்றி நடக்கிறோம். பிள்ளைகள் இருக்கும் பக்கம் வந்தால் அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். நடையை மட்டும் நிறுத்துவதில்லை.

ஊசியைப் பற்றி உன் மாமா முன்னாலேயே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அடுத்து அவரைக் கேட்டார், "உங்க பக்கத்தில் யாருக்காவது?"

"எங்க ஊட்ல யாருக்கும் கெடையாது மேடம்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அவ்வளவுதான். வண்டியில் வரும்போது, "புளிக்கொழம்பு ஆசன்னு சொன்னியேடி" என்று மட்டும் கேட்டார்.

அன்று ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் ஸ்வாதி மிஷினோடு போய் நின்றாள். கையைக் காட்டு என்றாள். அவளுக்கு எதையும் மறுக்க அவருக்கு அன்று தெம்பில்லை. அவளே குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டு, துண்டால் துடைத்து, புது ஊசி போட்டுக் குத்தினாள். முதல் சொட்டைத் துடைத்தாள்.

இருநூற்று எண்பத்தாறு.

அத்தை எட்டிப் பார்த்தார்கள். இவர் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தப்பு காட்டுது. உங்க மாமன் ஓட்ட மிசினத்தான் குடுத்துகீறான்" என்றார்.

"மிசினு கரெக்டு தான். கைய நான் தானே கழுவி உட்டேன், நைனா."

டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 'அவ அப்பன் ஊட்டு வியாதி' என்று மறுபடி சொல்ல அத்தை வாயைத் திறந்தார்களா என்று பார்த்தேன். அவர்கள் தம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை டூட்டிக்குக் கிளம்பும்போது ஷூவைக் கட்டிக்கொண்டே சொன்னார், "அந்த மிசினுக்கு ரத்தம் வெக்கிற அட்ட தீந்துடுச்சாம். எங்க கெடைக்கும்னு உன் தம்பிக்குப் போன் போட்டுக் கேளு." பேசமாட்டேன் என்று பாப்பா தலையில் சத்தியம் செய்தேனே என்றேன். "சத்தியத்த நான் தானே வாங்கனேன். நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஸ்வாதி தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்யவில்லை. செய்தால் நான் அழுவேன், நீ, 'அழாமல் சர்க்கரை நம்பரைச் சொல்' என்பாய்.

வரும் வெள்ளிக்கிழமை காலையில் இவருக்கு லேபில் ரத்தம் எடுக்க வேண்டும். அத்தைக்கும் எடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும்தான், ஊசி போட்டதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. ஸ்வாதி எல்லோருக்கும் டோக்கன் போட்டு வைத்திருக்கிறாள். உன் பெயரும் அதில் இருக்கிறது. அவள் என்னிடம் கேட்டாள், மாமா எச்சிலைத்தானே பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தாரா என்று. இரண்டு கடிதத்திலும் நீ அதற்குப் பதில் எழுதவில்லை என்பதை அவளும் கவனித்திருக்கிறாள்.

கேட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். காபி குடிக்காமல், வெறும் வயிற்றோடு வா.

உன் அக்கா
சுரேகா